குளத்தூர் வட்டாரத்து இலுப்பை மரங்களின் மரபியல் பன்மையும் அதனைக் காக்கும் வழிகளும்

ஆய்வுச்சுருக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் குளத்தூர் வட்டாரத்தில் கோயில் வளாகங்கள், கண்மாய்க் கரைகள், சாலையோரங்கள் ஆகியவற்றில் எஞ்சியுள்ள முது இலுப்பை மரங்கள் விதைவழிப் பிறந்தவை; எனவே அவை ஒவ்வொன்றும் மரபியல் நோக்கில் தனித்தன்மை உடையவை. இலுப்பை விதை உலர்த்திச் சேமிக்க இயலாதது. ஆதலால் இம்மரத்தின் பன்மையை விதை வங்கியில் வைத்துக் காக்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுள்ளது. மரங்களின் எண்ணிக்கையைப் பெருக்கும் நடவுத் திட்டங்கள் தாய்மரங்களின் எண்ணிக்கையைக் கருதாதவரை பன்மையைக் காப்பதற்கு மாறாகக் குறைக்கவும் கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இலுப்பை, இருப்பை, மரபியல் பன்மை, உலர்தாங்கா விதை, பழந்தின்னி வௌவால், தாய்மரம், குளத்தூர், இலுப்பூர்.

முன்னுரை

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது தமிழ்ப் பழமொழி. கரும்பாலை இல்லாத வறண்ட ஊரின் இனிப்புக்கு இம்மரத்தின் பூவே கதி என்று சற்று இளக்காரமாகவே இப்பழமொழி பேசுகிறது. ஆயினும் அதனுள் ஒரு வேளாண் வரலாறு பொதிந்துள்ளது. நீர் குறைந்த நிலத்தில், உழவும் உரமும் வேண்டாமல், பூவும் எண்ணெயும் பிண்ணாக்கும் நிழலும் மரமும் தந்த ஒரு மரத்தைச் சார்ந்து ஊர்கள் வாழ்ந்தன என்பதே அவ்வரலாறு. ஐரோப்பிய மலையூர்களில் செஸ்ட்நட் மரம் பெற்றிருந்த இடத்தைத் தென்தமிழகத்து வறள்நிலங்களில் இலுப்பை பெற்றிருந்தது எனலாம். தானியம் விளையாத சரிவுகளில் செஸ்ட்நட் கொட்டையை மாவாக்கி உண்டு வாழ்ந்த மக்கள் அதனை ரொட்டி மரம் என்றே அழைத்தனர். இலுப்பை உணவைவிட விளக்கெண்ணெய்க்காகவே இங்குப் போற்றப்பட்டது என்பது வேறுபாடு.

விளக்குக்கு மின்சாரமும் சமையலுக்குப் பிற எண்ணெய்களும் வந்தபின் இலுப்பையின் தேவை சுருங்கிற்று. தேவை சுருங்கிய மரத்தை எவரும் புதிதாக நடுவதில்லை. பழைய மரம் விழுந்தால் அதன் இடம் வெற்றிடமாகிறது. இந்நிலையில் எஞ்சிய மரங்களில் எதனைக் காப்பது, எவ்வாறு காப்பது என்னும் வினாக்கள் எழுகின்றன.

பெயரும் ஊரும்

சங்கப் பாடல்களில் இம்மரம் இருப்பை எனப் பெறும். அகநானூறும் நற்றிணையும் இதனைப் பாலைநிலத்து மரமாகக் காட்டுகின்றன. உதிர்ந்த பூவைக் கரடிகள் உண்ணும் காட்சி அப்பாடல்களில் மீளமீள வருகிறது. கரடியைக் குறிக்கும் எண்கு என்னும் பழஞ்சொல்லும் இருப்பை என்னும் மரப்பெயரும் ஒன்றை ஒன்று அழைத்துக்கொண்டு வருவன போல அமைந்துள்ளன.

மரப்பெயர் ஊர்ப்பெயரான வழக்கு பரவலானது. ஐங்குறுநூற்றின் 58ஆம் பாடலும் நற்றிணையின் 350ஆம் பாடலும் விராஅன் என்னும் தலைவனுக்குரிய இருப்பை என்னும் ஊரைக் குறிப்பிடுகின்றன. இவ்வூரை இன்றைய இலுப்பூரோடும், விராஅன் என்னும் பெயரை விராலிமலையோடும் இணைத்துக் காண்போர் உளர். பெயரொப்புமையை அடிப்படையாகக் கொண்ட இவ்வடையாளத்தை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை. எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. அவ்விரு பாடல்களும் மருதத்திணைக்குரியவை. வெண்ணெல் விளையும் வளமான ஊராகவே இருப்பை அவற்றில் தோன்றுகிறது. பாலைநிலத்து மரத்தின் பெயரைத் தாங்கிய ஊர் நெல்லூராகவும் இருந்தது என்றால், நீர்நிலையை ஒட்டி மக்கள் பேணிய மரமாக இலுப்பை அக்காலத்திலேயே மாறத் தொடங்கியிருக்கக் கூடும். இது கருதுகோள் அளவிலேயே நிற்பது.

இலுப்பூரும் விராலிமலையும் புதுக்கோட்டைச் சமஸ்தானக் காலத்தில் குளத்தூர் வட்டத்திற்கு உட்பட்டிருந்தன. ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்னும் மூன்று வட்டங்களைக் கொண்டிருந்த அச்சமஸ்தானம் 1948ஆம் ஆண்டு இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. புதுக்கோட்டை மாவட்டம் 1974ஆம் ஆண்டு உருவாயிற்று. தொண்டைமான் மரபின் ஒரு கிளையினர் ஆண்ட பாளையத்தின் தலைமையூராக ஒருகாலத்தில் விளங்கிய குளத்தூரின் பெயரை வட்டம் இன்றும் தாங்கி நிற்க, வட்டத் தலைமையிடம் கீரனூரில் உள்ளது. இக்கட்டுரையில் குளத்தூர் வட்டாரம் எனப்படுவது இப்போதைய வட்ட எல்லையை மட்டுமன்றி, நார்த்தாமலை, குன்றாண்டார்கோயில், மலையடிப்பட்டி, குடுமியான்மலை, அன்னவாசல், இலுப்பூர் ஆகியவற்றை உள்ளடக்கிய பழைய எல்லையைக் குறிக்கும். மரங்களின் உறவு ஆட்சி எல்லைகளை அறியாது. மகரந்தமும் விதையும் கடக்கும் தொலைவே அவற்றுக்கு எல்லை.

எந்த இலுப்பை

தாவரவியலில் இம்மரம் மதுகா லாங்கிஃபோலியா எனப்படும். சப்போட்டாக் குடும்பத்தைச் சார்ந்தது. தரங்கம்பாடியில் பணியாற்றிய ஜோஹான் ஜெரார்டு கோனிக் 18ஆம் நூற்றாண்டில் இதனைப் பாசியா என்னும் பேரினப் பெயரால் அறிவியல் உலகிற்கு அறிமுகம் செய்தார். அப்பெயர் அதற்கு முன்னரே வேறொரு செடிக்குச் சூட்டப்பட்டிருந்தமையால் பிற்காலத்தில் மதுகா என்பது நிலைத்தது.

இச்சிற்றினத்தில் இரண்டு வகைகள் உண்டு. குறுகிய நீண்ட இலையுடையது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படுவது. அகன்ற இலையுடையது நடு இந்தியாவிலும் வட இந்தியாவிலும் மகுவா என்று அழைக்கப்படுவது. சிலர் இவற்றைத் தனித்தனிச் சிற்றினங்களாகவே கொள்வர். பெயரீட்டுப் பூசலாகத் தோன்றும் இவ்வேறுபாடு பாதுகாப்பில் உண்மையான விளைவுடையது. நடு இந்தியப் பழங்குடியினர் பூவுக்காகவே மகுவாவைப் பேணினர். தமிழ்நிலத்தார் விதைக்காகவே இலுப்பையைப் பேணினர். எந்த மரத்தை வெட்டாமல் விடுவது என்பதைத் தலைமுறை தலைமுறையாக முடிவு செய்த கை வேறு, கண் வேறு. ஆகவே வடநாட்டு மகுவா விதையைக் கொணர்ந்து இலுப்பை என்று இங்கு நட்டால், பெயரளவில் மரம் பெருகும். இந்நிலத்தின் மழைக்காலத்திற்கும் மண்ணுக்கும் பொருந்தி வந்த மரபுக்கூறுகள் கலப்பில் நீர்த்துப்போகும் வாய்ப்பும் உடன் வரும்.

பன்மை குடியிருக்கும் இடங்கள்

மரபியல் பன்மை என்பது ஓர் இனத்தின் உறுப்பினர்களிடையே ஒரே மரபணு எத்தனை மாற்று வடிவங்களில் உள்ளது, அவ்வடிவங்கள் எவ்வாறு பரவியுள்ளன என்பதைக் குறிக்கும். அம்மாற்று வடிவங்களே அல்லீல்கள். வறட்சியைத் தாங்கும் ஆழ்வேர், பூக்கும் காலத்தின் முந்துதலும் பிந்துதலும், விதைப்பருப்பின் எண்ணெய் அளவு, பூச்சிக்கு எதிர்ப்பு ஆகியவற்றுள் பெரும்பாலானவை பல மரபணுக்களின் கூட்டு விளைவாகும். எதிர்காலத்தில் எது தேவைப்படும் என்பதை இன்று கணிக்க இயலாமையே பன்மையைக் காப்பதற்கான முதற்காரணம்.

இலுப்பையின் பன்மை மூவகை இடங்களில் தங்கியுள்ளது. முதலாவது, கோயில் வளாகமும் கோயில்காடும். மயிலாடுதுறையை அடுத்த இலுப்பைப்பட்டுத் திருக்கோயிலின் தலமரம் இலுப்பை. புதுக்கோட்டைப் பகுதியில் ஐயனார் கோயில்களை ஒட்டிய காடுகள், மண் குதிரைகளோடும் வீரை, பாலை, காயா முதலிய உலர் பசுமைக்காட்டு மரங்களோடும் சேர்த்து இலுப்பையையும் காத்து வந்துள்ளன. கோடரி நுழையலாகாது என்னும் அச்சம் எந்த வனச்சட்டத்துக்கும் முந்தியது. இரண்டாவது, கண்மாய்க் கரைகளும் ஊருணிக் கரைகளும். மூன்றாவது, பழைய பெருவழிகளின் ஓரம்.

கோயிலுக்கும் இலுப்பைக்கும் உள்ள உறவு இரட்டைத்தன்மை உடையது என்பதையும் இங்குச் சுட்ட வேண்டும். விளக்குக்கு எண்ணெய் வேண்டியபோது மரம் உயிரோடு நிற்பது கோயிலுக்கு நலம் பயத்தது. தேர் செய்ய வேண்டியபோதோ வைரம் பாய்ந்த இலுப்பை மரமே தேடப்பட்டது. எண்ணெயின் தேவை மறைந்து தேர்மரத்தின் தேவை மட்டும் எஞ்சுமாயின் இவ்வுறவின் சமன் கெட்டுவிடும்.

முது மரங்களைப் பற்றிய ஒரு மயக்கத்தைக் களைவது இன்றியமையாதது. நூறாண்டு மரங்களை மைக்ரோசாட்டிலைட் முதலிய குறிகளால் ஆராய்ந்தால் பன்மை குறையாதது போலவே தோன்றக்கூடும். நூறாண்டுக்கு முன் அடர்ந்திருந்த மரக்கூட்டத்தில் பிறந்தவை அவை. அக்காலத்துப் பன்மையை இன்றும் தாங்கி நிற்கின்றன. இழப்பு அவற்றின் மரபணுவில் தெரியாது. அவற்றின் அடியில் கன்று இல்லாமையில் தெரியும். கன்று இருந்தால், அக்கன்று தனித்து நின்ற தாய்க்கு நெருங்கிய உறவுடைய மரத்தின் மகரந்தத்தில் பிறந்ததா என்பதில் தெரியும். முது மரம் சாயும் நாளில் கடன் ஒரேயடியாக வசூலிக்கப்படும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இம்மாவட்டத்திற்கு அதனைக் கண்கூடாகக் காட்டிற்று. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் விதைவழி வளர்ந்த பலா மரங்கள் ஓரிரவில் பெருந்தொகையாகச் சாய்ந்தன. தோப்பை மீண்டும் நிரப்பலாம். சாய்ந்த மரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உரியதாயிருந்த சுளையின் சுவையை மீட்க வழியில்லை.

வௌவால் வழி

இலுப்பைப் பூவில் பெண்ணுறுப்பு முந்தி முதிரும். மொட்டு விரியுமுன்னரே சூல்முடி வெளியே நீண்டு மகரந்தத்தை ஏற்கும். மகரந்தம் பின்னரே உதிரும். தற்கலப்பைக் குறைத்து அயற்கலப்பை ஊக்கும் அமைப்பு இது. அயற்கலப்புக்கு ஒரு தூதர் வேண்டும். அத்தூதருள் முதன்மையானது பழந்தின்னி வௌவால். இரவில் சதைப்பற்றுள்ள இனிய அல்லிவட்டத்தை உண்ண வரும் வௌவால் மகரந்தத்தையும் சுமக்கிறது. பழம் கனிந்தபின் அதனைக் கவ்விச் சென்று வேறொரு மரத்தில் தொங்கியவாறு தின்று விதையைக் கீழே விடுகிறது. சங்கப் பாடல்களில் பூவுண்ட கரடி குளத்தூர் வட்டாரத்தில் இன்று இல்லை; மரத்திற்கும் மரத்திற்கும் இடையே உறவு முடிக்கும் வேலை ஏறக்குறைய முழுமையாக வௌவாலின் மேல் விழுந்துள்ளது. இலங்கையிலும் இலுப்பைக்கு இவ்வுறவு உண்டு. இலுப்பைக்குளம், இலுப்பைக்கடவை என ஊர்ப்பெயர்களில் நிற்கும் இம்மரத்தை வயலோரங்களில் விட்டுவைத்தமைக்கு, அதனை நாடி வரும் வௌவாலின் எச்சம் நெல்வயலுக்கு எருவாகும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படும்.

ஆயினும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகம் ஆகியவற்றோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் அரை நூற்றாண்டுக் காலம் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வட்டவணையையே நீக்கிற்று. தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் வௌவால் அடையும் ஆலமரத்தைக் காக்கும் சிற்றூர்கள் தமிழகத்தில் சில உண்டு. சட்டம் பின்னர் வந்து சேர்ந்த இடத்தில் அவ்வூர்கள் முன்னரே நின்றன.

இதிலிருந்து பெறப்படும் செய்தி ஒன்று. ஊருக்கு ஒன்றாக நிற்கும் இலுப்பை மரங்கள் வௌவால் பறக்கும் தொலைவிற்குள் இருக்கும்வரை அவை ஒரே கூட்டம். இடையிலுள்ள மரங்கள் மறைந்து தொலைவு நீண்டுவிட்டால் அவை தனிமரங்கள். நார்த்தாமலைக்கும் இலுப்பூருக்கும் இடையே எங்கோ ஒரு கண்மாய்க் கரையில் நிற்கும் காய்ப்பற்ற கிழமரம்கூட, பூக்கும்வரை, இருபுறத்துக் கூட்டங்களையும் இணைக்கும் படிக்கல்லாக இருக்கக்கூடும். விளைச்சல் குறைந்தது என்று அதனை வெட்டுவோர் வெட்டுவது ஒரு மரத்தை மட்டுமன்று. மாவட்டத்தின் பெரும்பரப்பில் பரவிய தைலமரத் தோட்டங்கள் இத்தொலைவை மேலும் நீட்டியுள்ளன எனக் கருத இடமுண்டு.

சேமிக்க இயலாத விதை

நெல், கேழ்வரகு முதலியவற்றின் விதைகள் உலர்தாங்கும் விதைகள். ஈரத்தை மிகக் குறைத்து, சுழியத்திற்குக் கீழ் 18 பாகை செல்சியசில் வைத்தால் பல்லாண்டு முளைத்திறன் கெடாமல் இருக்கும். 1976ஆம் ஆண்டு நிறுவப்பட்ட புது தில்லித் தேசியத் தாவர மரபுவள நிறுவனத்தின் விதை வங்கி இம்முறையில் இயங்குவது. இலுப்பை விதை இதற்கு உடன்படாது. உலர்த்தினால் உயிர் போகும்; உலர்த்தாமல் குளிரில் வைத்தால் உட்புற நீர் உறைந்து திசு சிதையும். மரத்திலிருந்து விழுந்த விதை சில வாரங்களுக்குள் முளைத்தாக வேண்டும். இத்தகைய விதையே உலர்தாங்கா விதை எனப்படும். செஸ்ட்நட் கொட்டையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கருவச்சைத் தனியே பிரித்துத் திரவ நைட்ரஜனில் காக்கும் முறை உண்டு. அது ஆய்வகச் செலவும் திறனும் வேண்டுவது, ஊரளவில் ஆகாதது.

ஆகவே இலுப்பையின் மரபுவள வங்கி என்பது மரமேதான். விதை சேகரிப்போர் கோடை கடந்து பழம் விழும் சில வாரங்களை விட்டுவிட்டால் ஓராண்டை இழந்தவராவர்.

செஸ்ட்நட் தரும் பாடம்

1904ஆம் ஆண்டு நியூயார்க் விலங்குக் காட்சிச்சாலையில் அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்கள் பட்டுப்போவது கண்டறியப்பட்டது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை அதற்குக் காரணம். அடுத்த அரை நூற்றாண்டில் அம்மரங்களில் ஏறக்குறைய 400 கோடி அழிந்தன என மதிப்பிடப்படுகிறது. வேர் அழியவில்லை. அதிலிருந்து துளிர்கள் இன்றும் எழுகின்றன. பூத்துக் காய்க்கும் வயதை எட்டுமுன் நோய் மீண்டும் அவற்றைத் தாக்குகிறது. உயிரோடிருந்தும் வழித்தோன்றல் இல்லாத மரம் அது. நோய் தாங்கும் சீனச் செஸ்ட்நட்டோடு கலப்பு செய்து, மீண்டும் மீண்டும் அமெரிக்க மரத்தோடு பின்கலப்பு செய்யும் முயற்சி 1983ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமெரிக்கச் செஸ்ட்நட் அறக்கட்டளையால் நடைபெற்று வருகிறது. அம்முயற்சிக்கும் பல இடங்களில் எஞ்சிய உள்ளூர்த் துளிர்களின் பன்மையே மூலப்பொருள்.

இலுப்பையை அத்தகைய பெருநோய் தாக்கவில்லை. எனினும் அதன் உறவினமாகிய மதுகா டிப்ளோஸ்டெமான் என்னும் மரத்தின் கதை அண்மையில் உள்ளது. 1835இல் ராபர்ட் வைட் சேகரித்தபின் காணக் கிடைக்காமல் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட அம்மரம், கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் பரவூர் அருகே ஒரு சிவன் கோயிலின் காவில் மீண்டும் கண்டறியப்பட்டது. பாலோட்டிலுள்ள ஜவாகர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனத்தார் 2020ஆம் ஆண்டு இதனை அறிவித்தனர். கிடைத்தது ஒற்றை முதிர்மரம். கோயில்காவு இனத்தைக் காத்தது என்று மகிழலாம். ஒற்றை மரம் தாங்கக்கூடிய பன்மை எவ்வளவு என்று எண்ணினால் அம்மகிழ்ச்சி குறையும். அம்மரத்தின் ஒவ்வொரு மரபணு இடத்திலும் மிகுந்தால் இரண்டு அல்லீல்களே இருக்க முடியும். அவ்வினத்தின் ஏனைய அல்லீல்கள் எப்போதைக்குமாகப் போயின. குளத்தூர் வட்டாரத்து இலுப்பை அந்நிலைக்கு வெகு தொலைவில் உள்ளது என்பதே இன்று செயல்படுவதற்கான காரணம்.

ஒட்டும் விதையும்

ஐரோப்பியச் செஸ்ட்நட் தோப்புகளில் பெயருடைய வகைகள் ஒட்டுமுறையால் நூற்றாண்டுகளாகப் பேணப்பட்டன. விரும்பிய கொட்டையைத் தந்த மரத்தின் கிளையை வெட்டி வேறு வேரில் ஒட்டினால் அதே மரம் மறுபடி பிறக்கும். இலுப்பையில் அம்மரபு இல்லை. எனவே பெயருடைய இலுப்பை வகைகள் இங்கு உருவாகவில்லை. ஒவ்வொரு மரமும் பெயரில்லாத ஒரு வகை. இது குறையெனத் தோன்றினும் பன்மையின் நோக்கில் பெரும்பேறு.

அண்மைக் காலத்தில் நிலை மாறத் தொடங்கியுள்ளது. குஜராத்தின் வேஜல்பூரிலுள்ள மத்தியத் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தார் மகுவாவில் தார் மது என்னும் தேர்வு வகையை வெளியிட்டுள்ளனர். மரவழி எண்ணெய்வித்துத் திட்டங்களிலும் உயர்விளைச்சல் தாய்மரங்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கும் முறை பின்பற்றப்பட்டது. விதைவழி மரம் காய்ப்புக்கு வரப் பத்தாண்டு அளவில் ஆகும்; ஒட்டு மரம் அதனினும் விரைவில் காய்க்கும். உழவருக்கு இது நன்மையே, மறுப்பதற்கில்லை. பயன் தராத மரத்தை எவரும் நடார். ஆயினும் உழவர் நிலத்தில் நடுவதற்கும் கண்மாய்க் கரையில் நடுவதற்கும் ஒரே ஒட்டுக்கன்றைப் பயன்படுத்துவது பிழையாகும். ஒட்டுக்கன்று உழவருடைய தோப்புக்கு உரியது. பொதுநிலத்திற்கு உரியது பல தாய்மரங்களின் விதைக்கன்று.

தாய்மரங்களின் கணக்கு

எத்தனை மரங்களிலிருந்து விதை எடுக்க வேண்டும் என்பதற்கு மரபியல் ஒரு தெளிவான விடை தருகிறது. ஒரு கூட்டத்தில் நூற்றுக்கு 5 என்னும் விகிதத்தில் உள்ள ஓர் அல்லீலை எடுத்துக்கொள்வோம். உறவற்ற 5 மரங்களைத் தேர்ந்தால் அவற்றில் அந்த அல்லீல் ஒருமுறையேனும் இருப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு. 10 மரங்களானால் 64 விழுக்காடு. 30 மரங்களானால் 95 விழுக்காடு. மார்ஷலும் பிரவுனும் 1975ஆம் ஆண்டு முன்வைத்த சேகரிப்பு நெறி இக்கணக்கினை அடிப்படையாகக் கொண்டது. நடைமுறையில் மரங்கள் உறவுடையனவாகவும் இருக்கும் என்பதனால் 50 மரங்கள் எனக் கொள்வது வழக்கம்.

மற்றொரு கணக்கு இதனினும் கூர்மையானது. பயனுறு தொகை அளவு என்பது, ஒரு கூட்டம் எத்தனை உறவற்ற உறுப்பினர்களுக்கு ஈடாகப் பன்மையைத் தாங்குகிறது என்பதைக் குறிக்கும். ஒரே தாய்மரத்தின் விதைகள், பல்வேறு தந்தையரின் மகரந்தத்தில் பிறந்தவையாயினும், பத்தாயிரம் கன்றுகளாக வளர்ந்தாலும், அவற்றின் பயனுறு தொகை அளவு 4 என்னும் எண்ணைத் தாண்டாது. நாற்றங்காலுக்கு அருகிலுள்ள ஒரு மரத்தடியில் சாக்கு நிறைய விதை பொறுக்கி, மாவட்டம் முழுவதற்கும் கன்று வழங்கும் திட்டம் செய்வது என்ன என்பதை இவ்வெண் காட்டிவிடும். அக்கன்றுகள் வளர்ந்து தமக்குள் கலந்தால் அடுத்த தலைமுறையில் உட்கலப்பின் கேடுகள் தலைகாட்டும். தமிழ்நாட்டில் காட்டு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்குடன் 2022ஆம் ஆண்டு பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. இத்தகைய பேரியக்கத்தில் கன்றுகளின் எண்ணிக்கையோடு தாய்மரங்களின் எண்ணிக்கையும் பதிவு செய்யப்படுமாயின், கூடுதல் செலவு பெரிதாக இல்லாமலே பயன் பன்மடங்காகும்.

உட்கலப்பைத் தவிர்க்க 50, நெடுங்காலப் பரிணாமத் திறனைக் காக்க 500 என்னும் பயனுறு அளவுகளை ஃபிராங்க்ளின் 1980இல் முன்மொழிந்தார். 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங் மான்ட்ரியல் உலகப் பல்லுயிர்ச் சட்டகம், பயனுறு அளவு 500ஐத் தாண்டிய கூட்டங்களின் விகிதத்தை ஒரு தலைமைச் சுட்டியாகக் கொண்டுள்ளது. பயனுறு அளவு உண்மை எண்ணிக்கையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று எனக் கொண்டால், 500 என்பதற்கு 5000 முதிர்மரங்கள் வேண்டும். குளத்தூர் என்னும் ஒற்றை வட்டத்திற்குள் இவ்விலக்கை அடைக்க முயல்வது பொருந்தாது. திருமயம், மணப்பாறைப் பகுதிகள்வரை தொடரும் வறள்நிலத்தின் இலுப்பைகள் அனைத்தையும் ஒரே கூட்டமாகக் கொண்டு திட்டமிடுவதே தகும்.

மரம் யாருடையது

இதனைச் செய்வதில் உள்ள தடை அறிவியலைவிட உரிமை சார்ந்தது. கோயில் மரம் இந்து சமய அறநிலையத் துறையின் ஆளுகைக்கு உட்பட்டது. கண்மாய்க் கரை மரம் நீர்வளத் துறைக்கோ ஊராட்சிக்கோ உரியது. சாலையோர மரம் நெடுஞ்சாலைத் துறைக்கு. பொதுநிலத்து மரங்களின் பலனை ஏலம் விடும் வழக்கமும் உண்டு. ஏலம் எடுத்தவர் விதை முழுவதையும் செக்குக்கு அனுப்பினால் மரத்தடியில் கன்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஏலம் எடுப்பாரே இல்லாவிட்டால் மரத்தைக் காக்கும் கை இல்லாது போகும். ஏல நிபந்தனையில், ஒவ்வொரு மரத்திலிருந்தும் குறிப்பிட்ட அளவு விதையை, மர எண் குறித்த தனித்தனிப் பைகளில் நாற்றங்காலுக்குத் தர வேண்டும் என்னும் ஒரு வரியைச் சேர்ப்பது இரு தீங்குகளையும் ஒருசேரத் தடுக்கும். எல்லா மரங்களிலிருந்தும் ஏறக்குறைய சம அளவு விதை என்பதே இதில் உயிர்நிலை. மிகுதியாகக் காய்த்த மரத்திலிருந்து மிகுதியாக எடுக்கும் இயல்பான பழக்கமே பன்மையைச் சாய்ப்பது.

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஊராட்சிகளில் அமையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இதற்குப் பொருத்தமான கருவி. இலுப்பை உண்டு என்று ஒரு வரி எழுதுவதோடு நில்லாமல், மரம் நிற்கும் இடம், அடிமரச் சுற்றளவு, பூக்கும் வாரம், காய்ப்பு, அடியில் கன்று உண்டா என்பன மரத்துக்கு மரம் பதியப்பட வேண்டும். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இலும் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயில்காடு 2025இலும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. புதுக்கோட்டையின் கோயில்காடுகளுக்கும் இவ்வழி திறந்துள்ளது. கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் போன்ற ஆய்வு நிறுவனங்களின் மரபணு ஆய்வுக்கு இப்பதிவேடே அடிப்படையாக அமையக்கூடும். எந்த மரத்தின் இலையைப் பறிப்பது என்பதை ஊரார்தாம் சொல்ல முடியும்.

தமிழாய்வுக்கும் இதில் பங்குண்டு. இலுப்பை என்னும் பெயர் தாங்கிய ஊர், குளம், திடல், தோப்பு ஆகியவற்றை நிலவரிப் பதிவேடுகளிலிருந்தும் கல்வெட்டுகளிலிருந்தும் தொகுத்து நிலப்படத்தில் குறித்தால், முன்பு மரம் நின்ற இடங்களின் வரைபடம் கிடைக்கும். அதன்மேல் இன்று மரம் நிற்கும் இடங்களைப் பதித்துப் பார்த்தால், இடையே அறுந்த தொடர்கள் புலப்படும். அடுத்த பழக்காலத்தில் கன்று நடுவதற்கு முதலில் தேர வேண்டிய கரைகள் அவையே.